கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி வழியே வீட்டுக்கல்வி: சேர்க்கையிலிருந்து மாநிலத் தேர்வு வரை

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர வேண்டும், ஆனால் புத்தகச் செலவும் வகுப்புக் கட்டணமும் முழுக்க நம் தலையில் விழக்கூடாது என்று நினைக்கும் கலிஃபோர்னியாப் பெற்றோர் பலர் போகும் வழி, வகுப்பறை சாராத சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனி உரிமத்தின்கீழ் நடக்கும் பள்ளி. சேரும் முன்பே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: இதில் சேர்ந்ததும் உங்கள் பிள்ளை அரசுப் பள்ளி மாணவர். பாடம் நடப்பது உங்கள் வீட்டில், சொல்லித்தருவது நீங்கள். ஆனால் வருகைப் பதிவு, ஆசிரியர் மேற்பார்வை, பணக் கணக்கு, தேர்வு எல்லாம் அரசுப் பள்ளிச் சட்டப்படிதான். பின்னால் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

இந்த வழி உங்களுக்கு ஏற்றதா?

கலிஃபோர்னியாவில் 6 வயது முதல் 18 வயது வரை கல்வி கட்டாயம். மாநிலத் தேர்வே வேண்டாம், சமயப் பாடத்தையும் பள்ளிப் பாடமாகவே வைக்க வேண்டும், யாரும் வந்து பார்க்கக் கூடாது என்றால் சார்ட்டர் உங்களுக்கு ஒத்துவராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. உங்கள் வீட்டையே சிறிய தனியார் பள்ளியாகக் கணக்கில் கொண்டு, ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் 15க்குள் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் தனியார் பள்ளி உறுதிமொழிப் படிவத்தைப் பதிய வேண்டும். அங்கே தேர்வு இல்லை, பணமும் இல்லை. வருகைப் பதிவேட்டை நீங்களே வைத்திருக்க வேண்டும், பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. சார்ட்டரில் சேர்ந்த பிள்ளை தனியார் பள்ளியிலும் மாணவராக இருக்கக் கூடாது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

சார்ட்டர் பள்ளிக்கு எந்தக் கவுன்டியில் அனுமதி தரப்பட்டதோ அந்தக் கவுன்டியிலும், அதை ஒட்டிய கவுன்டிகளிலும் இருப்பவர்களைத்தான் அது சேர்க்கலாம். ஆகவே தேடலை உங்கள் கவுன்டியிலிருந்து தொடங்குங்கள். 2019ல் இணையவழி சார்ட்டர் குழுமம் ஒன்றின் மீது பெரும் மோசடி வழக்கு வந்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் இவ்வகைப் புதிய பள்ளிகளுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை பின்னர் நீட்டிக்கவும்பட்டது. அதனால் நல்ல பெயர் எடுத்த பள்ளிகளில் காத்திருப்போர் பட்டியல் நீளம். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புகளுக்குப் பல பள்ளிகள் முன்னுரிமை தருகின்றன. பல பள்ளிகள் அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தைக் குளிர்காலத்திலேயே திறந்துவிடும். ஜூனில் தேட ஆரம்பித்தால் மீந்த இடம்தான் கிடைக்கும்.

பள்ளியின் அறிமுகக் கூட்டத்தில் எத்தனை டாலர் தருவீர்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் உண்டு. பாடத்திட்டத்தை நாங்களே தேர்ந்தெடுக்கலாமா, பள்ளி தருவதைத்தான் நடத்த வேண்டுமா? ஆசிரியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பார், நேரிலா ஜூமிலா? ஐ-ரெடி, மேப், ஸ்டார் போன்ற மதிப்பீட்டுத் தேர்வுகள் ஆண்டுக்கு எத்தனை முறை? மாநிலத் தேர்வு எந்த ஊரில் நடக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக விடாதீர்கள். பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால் வாடகைக் கூடத்தில் தேர்வு வைப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து அது ஒரு மணிநேரப் பயணமாக இருந்தால், இரண்டு மூன்று நாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

சேர்க்கை

கைவசம் வைத்திருக்க வேண்டியவை: பிறப்புச் சான்று அல்லது பாஸ்போர்ட், முகவரிச் சான்றாக அண்மைய மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, முந்தைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால் அதன் முழு நகல். கின்டர்கார்டனுக்குச் செப்டம்பர் 1க்குள் 5 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தடுப்பூசியில் ஒரு நுணுக்கம். தனிப்பட்ட நம்பிக்கையைக் காரணம் காட்டித் தவிர்க்கும் சலுகை 2016ல் முடிந்தது. வகுப்பறைக்கே போகாத சுயகல்வி மாணவர்களுக்குத் தடுப்பூசி நிபந்தனை இல்லை, ஆனால் பதிவைக் கொடுக்கத்தான் வேண்டும். அதே பள்ளி நடத்தும் கற்றல் மையத்துக்கு வாரம் ஒருநாள் அனுப்பினால்கூட நிலைமை மாறலாம். பள்ளியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: சார்ட்டரில் இடம் உறுதியாகும் முன்பே பழைய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிடுவது. காரணமின்றி 3 நாள் வராத மாணவரைச் சட்டம் ட்ரூயன்ட் என்று வகைப்படுத்தும்; அதற்கான கடிதம் வீட்டுக்கு வரும். புதிய பள்ளி தொடக்கத் தேதியை எழுத்தில் தந்த பிறகே பழைய பள்ளியிலிருந்து விலகுங்கள். மாஸ்டர் அக்ரிமென்ட் எனப்படும் ஒப்பந்தத்தில் பெற்றோர், மாணவர், ஆசிரியர் மூவரும் பாடம் தொடங்கும் முன் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

தமிழ் பேசும் வீடுகள் நிதானமாக நிரப்ப வேண்டிய ஒரு பக்கம்

சேர்க்கைப் படிவங்களுக்கு நடுவே வீட்டுமொழிக் கணக்கெடுப்பு என்று ஒரு பக்கம் வரும். நான்கே கேள்விகள். பிள்ளை பேசத் தொடங்கியபோது கற்ற மொழி எது? வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி எது? நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி எது? வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசும் மொழி எது? முதல் மூன்றில் எதற்காவது தமிழ் என்று எழுதினால், கலிஃபோர்னிய அரசுப் பள்ளியில் முதன்முறை சேரும் பிள்ளைக்கு எல்பேக் எனப்படும் ஆங்கிலத் திறன் தேர்வின் தொடக்கத் தேர்வை 30 நாள்களுக்குள் வைத்தாக வேண்டும். ஏற்கெனவே வேறு கலிஃபோர்னிய அரசுப் பள்ளியில் இது முடிந்திருந்தால் மறுபடி கேட்க மாட்டார்கள். இந்தியாவிலிருந்தோ, தனியார் பள்ளியிலிருந்தோ, தனி வீட்டுப்பள்ளியிலிருந்தோ வருபவர்களுக்குத்தான் இது.

உண்மையை எழுதுங்கள். அதே சமயம், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். "அதிகம் பேசும் மொழி" என்றால் அதிகம் பேசும் மொழிதான். அண்ணன் தங்கை இருவரும் நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்ளும் வீட்டில், தமிழ்ப்பற்றினால் இரண்டாம் கேள்விக்குத் தமிழ் என்று எழுதுவது உண்மையான பதில் ஆகாது. தவறாக நிரப்பியிருந்தால் தேர்வு நடக்கும் முன்பே திருத்தித் தரலாம்.

தொடக்கத் தேர்வின் மதிப்பெண் 150 முதல் 600 வரை. 450 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆங்கிலத்தில் சரளமானவர் என்று பதிந்து அத்தோடு விட்டுவிடுவார்கள். குறைந்தால் ஆங்கிலம் கற்கும் மாணவர் என்ற வகையில் சேர்ப்பார்கள். அப்போது தனி ஆங்கில வளர்ச்சிப் பாடம் உண்டு. மறுவகைப்படுத்தப்படும் வரை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் மே வரையான காலத்தில் எல்பேக் எழுத வேண்டும். அந்த வகையிலிருந்து வெளியே வர ஆண்டுத் தேர்வில் ஒட்டுமொத்தம் 4ஆம் நிலை, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, அடிப்படைத் திறன் மதிப்பெண் ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். எல்பேக்கிலிருந்து பெற்றோர் கடிதம் கொடுத்து விலகவும் முடியாது.

ஆங்கிலம் நன்றாகவே தெரிந்த குழந்தைகள் இதில் சறுக்குவது பெரும்பாலும் பேச்சுப் பகுதியில். அறிமுகமில்லாத பெரியவர் எதிரே உட்கார்ந்து படத்தைக் காட்டிக் கேட்பார். 5 வயதுக் குழந்தை கூச்சத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும், அல்லது தலையாட்டும். தலையாட்டலுக்கு மதிப்பெண் இல்லை. கணக்கெடுப்பில் தமிழ் என்று எழுதியிருந்தால், முந்தைய இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் பயிற்சி கொடுங்கள்: ஒரு படத்தைப் பார்த்து நான்கு முழு வாக்கியம் சொல்லுதல், கேட்ட கதையை வரிசையாகத் திரும்பச் சொல்லுதல், "எது பிடிக்கும், ஏன்" என்று காரணத்தோடு பதில் சொல்லுதல். தேர்வில் கேட்பதும் இவைதான். மாதிரித் தேர்வுகள் எல்பேக் இணையதளத்தில் இலவசம்.

மாதாந்திர வேலை

ஆண்டு, லேர்னிங் பீரியட் எனப்படும் சுமார் 20 பள்ளி நாள் கொண்ட பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொன்றின் முடிவிலும் மேற்பார்வை ஆசிரியர் சந்திப்பார். வருகைத் தாளில் உங்கள் கையெழுத்தும் பாடவாரியாக வொர்க் சாம்பிளும் வாங்குவார். பள்ளிக்கு வரும் அரசுப் பணம் இந்தத் தாள்களை நம்பித்தான் நிற்கிறது. தணிக்கையில் தேதி இல்லாத தாள் அகப்பட்டால் பள்ளி பணத்தைத் திருப்பித் தர நேரும். ஆசிரியர் ஒரு தேதிக்காகத் துரத்துகிறார் என்றால் காரணம் இதுதான். அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

வொர்க் சாம்பிள் எப்படி இருக்க வேண்டும்? மூன்றாம் வகுப்புப் பின்னப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் கையெழுத்தில் பெயர், அந்தப் பகுதிக்குள் வரும் பள்ளி நாள் ஒன்றின் தேதி. எண்கோட்டில் 2/4ம் 1/2ம் ஒரே புள்ளியில் குறிக்கப்பட்டிருக்கிறது. கீழே ஏன் இரண்டும் சமம் என்று பிள்ளையே எழுதிய ஒரு வாக்கியம். இது போதும். பயிற்சிப் புத்தகப் பக்கத்தில் அம்மாவின் சிவப்பு டிக் குறிகள் மட்டும் இருந்து, பெயரும் தேதியும் இல்லையென்றால் திரும்பி வரும். சமயக் கதையை எழுதிய தாளும் ஏற்கப்படாது. சனி, ஞாயிறு செய்த வேலையைப் பள்ளி நாள் வருகையாகக் காட்ட முடியாது. பகுதி முடியும் முன்பே வருகைத் தாளில் கையெழுத்திடுவதும் தவறு.

2021ல் வந்த சட்டத் திருத்தத்தால், மூன்றாம் வகுப்பு வரை தினமும் நேரலை வகுப்புக்குப் பள்ளி வாய்ப்புத் தர வேண்டும். உயர் வகுப்புகளுக்கு அது குறையும். பள்ளி இதை எப்படி நடத்துகிறது என்று சேரும்போதே கேளுங்கள். காலை 9 மணி ஜூம் உங்கள் வீட்டு அட்டவணையையே மாற்றிவிடும்.

ஊருக்குப் போவது பற்றி. நான்கு வாரம், ஆறு வாரம் என்று இந்தியா போவதென்றால் டிக்கெட் எடுக்கும் முன் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பது இந்தச் சேர்க்கைக்கு அடிப்படை; நீண்ட பயணத்தில் சில பள்ளிகள் பெயரையே நீக்கிவிடும். டிசம்பர் விடுமுறையோடு ஒட்டிய பயணம் சிக்கல் குறைந்தது. ஏப்ரல், மே கல்யாணப் பயணம் தேர்வோடு நேராக மோதும்.

பணம்

உங்கள் கையில் காசு வராது. பிள்ளையின் பெயரில் பள்ளி ஒரு தொகையை ஒதுக்கும். பல பள்ளிகளில் இது ஆண்டுக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் டாலர் அளவில் இருக்கிறது. நீங்கள் கேட்பதைப் பள்ளி வாங்கித் தரும், அல்லது அங்கீகரித்த வென்டருக்கு நேரடியாகச் செலுத்தும். நுண்ணோக்கி, கணிதப் பெட்டி, லேப்டாப் எல்லாம் பள்ளியின் சொத்து. விலகும்போது திருப்பித் தர வேண்டும். எழுதித் தீரும் பயிற்சிப் புத்தகம் திரும்ப வேண்டாம்.

பரதநாட்டியம், கர்நாடக இசை வகுப்புக்குக் கேட்கலாமா? கேட்கலாம், ஆசிரியர் பள்ளியின் வென்டர் பட்டியலில் இருந்தால். அதற்குப் பெரும்பாலும் வரிப் படிவமும் காப்பீடும் கைரேகைச் சோதனையும் கேட்பார்கள்; வீட்டில் சொல்லித்தரும் பாட்டு டீச்சர் இதற்கெல்லாம் தயாரா என்று முன்பே பேசுங்கள். கொள்முதல் ஆணை வரும் முன் தொடங்கிய வகுப்புக்குப் பள்ளி பணம் கட்டாது. இதில் ஏமாறுபவர்கள் அதிகம். செலவழிக்காத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் பொதுவாக முடியாது. ஆர்டர் போடக் கடைசித் தேதி வசந்தத்திலேயே வந்துவிடும்.

மாநிலத் தேர்வு

காஸ்ப் என்று எல்லோரும் சொல்லும் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் 3 முதல் 8 வரையான வகுப்புகளுக்கும் 11ஆம் வகுப்புக்கும் உண்டு. அறிவியல் 5, 8 ஆகிய வகுப்புகளிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும். 5, 7, 9 வகுப்புகளுக்கு உடற்தகுதிச் சோதனை தனி. பெரும்பாலான சார்ட்டர்கள் காஸ்ப் தேர்வை மார்ச் முதல் மே வரை வைக்கின்றன.

நேரக் கட்டுப்பாடு இல்லை. கணினி, பிள்ளையின் விடைக்கேற்பக் கேள்வியை மாற்றும்: சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்தது கடினமாகும். நன்றாகப் படிக்கும் பிள்ளை "எனக்கு எதுவுமே தெரியலை" என்று அழுதுகொண்டு வெளியே வருவதற்கு இது ஒரு காரணம். முன்பே சொல்லிவையுங்கள்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடங்கள் பாட அறிவில் குறைவு. கருவியிலும் பழக்கத்திலும்தான் அதிகம். முதலாவது தட்டச்சு. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பத்திகளைப் படித்து, அவற்றிலிருந்து சான்று காட்டி ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டும். வீட்டில் பென்சிலால் மட்டும் எழுதிப் பழகிய 8 வயதுப் பிள்ளை நான்கு வரியோடு நிறுத்திவிடும். செப்டம்பரிலிருந்தே நாளுக்குப் பத்து நிமிடத் தட்டச்சு போதும்.

இரண்டாவது, கணிதத்தில் விளக்கம். அபாகஸ், பயிற்சி மையம் என்று போகும் நம் பிள்ளைகள் கூட்டல் பெருக்கலில் மின்னல் வேகம். ஆனால் "ரவி சொன்ன வழி ஏன் தவறு" என்று கேட்டால் திணறுவார்கள். தேர்வில் காரணம் சொல்லும் திறனுக்குத் தனி இடம் உண்டு. இந்தியப் பாடநூலில் படிப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். காற்புள்ளி 1,00,000 என்று வராது, 100,000 என்று வரும். மீட்டரோடு அங்குலம், அடி, அவுன்ஸ், கேலனும் தெரிய வேண்டும். 3 முதல் 5 வரை கால்குலேட்டர் கிடையாது. 6ஆம் வகுப்பிலிருந்து சில கேள்விகளுக்கு மட்டும் திரையில் வரும்.

மூன்றாவது, பாட வரிசை. நீங்கள் பின்னத்தை ஜூனுக்குத் தள்ளி வைத்திருந்தால் ஏப்ரல் தேர்வு காத்திருக்காது. ஜனவரியில் மாநிலத் தர நிர்ணயத்தின் அந்த வகுப்புப் பட்டியலை எடுத்து, தொடாத பாடங்களை மார்ச்சுக்குள் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். மாதிரித் தேர்வை யார் வேண்டுமானாலும் விருந்தினராக நுழைந்து எழுதலாம். இரண்டு முறை எழுதினால் போதும். அதற்குமேல் பயிற்சி கொடுப்பது வீட்டுக்கல்வியின் பயனையே கெடுத்துவிடும்.

சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளைக்குத் தனி அறை, வாசித்துக் காட்டல் போன்ற வசதிகள் திட்ட ஆவணத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தேர்வு நாளில் கேட்டால் கிடைக்காது. அமெரிக்கப் பள்ளிக்கு வந்து 12 மாதம் ஆகாத, ஆங்கிலம் கற்கும் வகையில் உள்ள மாணவர் ஆங்கிலத் தேர்வை ஒருமுறை எழுதாமல் இருக்கலாம். கணிதம் எழுத வேண்டும்.

முடிவு நான்கு நிலைகளில் வரும். மூன்றாம் வகுப்பில் தரத்தை எட்ட ஆங்கிலத்தில் 2432, கணிதத்தில் 2436. பதினோராம் வகுப்பில் 2583, 2628. இந்த எண்ணை வைத்துப் பிள்ளையை வகுப்பில் நிறுத்துவதில்லை, உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்தையும் நிறுத்துவதில்லை.

எழுத வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். கல்விச் சட்டம் 60615ஆம் பிரிவுப்படி, பெற்றோர் எழுத்தில் கேட்டால் காஸ்ப் தேர்வின் எந்தப் பகுதியிலிருந்தும் பிள்ளையை விலக்க வேண்டும். எந்தத் தேர்வுகள் என்று குறிப்பிட்டு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கடிதம் தர வேண்டும். ஆசிரியர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லலாம். விலகச் சொல்லித் தூண்டக் கூடாது. அதனால் அவர் இதைப் பற்றித் தானாகப் பேச மாட்டார்.

ஆனால் எங்கள் பரிந்துரை: தக்க காரணம் இல்லையென்றால் எழுத வையுங்கள். மத்தியச் சட்டம் 95 விழுக்காட்டு மாணவர் பங்கேற்பைக் கேட்கிறது. குறைந்தால் பள்ளியின் மதிப்பீடு இறங்கும். சார்ட்டருக்கு உரிமம் புதுப்பிக்கும் வேளையில் இந்த எண்களைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். ஐ-ரெடி, மேப் போன்ற தேர்வுகளைப் பள்ளி வலியுறுத்துவதும் இதற்காகவே: பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதற்கான சரிபார்க்கப்பட்ட சான்றாக அவை உரிமப் புதுப்பிப்பில் நிற்கும். தேர்வுப் பதற்றத்தில் உடல்நலம் கெடும் பிள்ளையை வற்புறுத்த வேண்டியதில்லை. அந்தக் கடிதம் அவர்களுக்காகவே இருக்கிறது.

உயர்நிலை வகுப்புகளுக்கு

யூசி, கால் ஸ்டேட் எனப்படும் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் 15 ஓராண்டுப் பாடங்களின் பட்டியல் ஏ-ஜி எனப்படும். பள்ளியின் எந்தப் பாடங்களுக்கு அந்த அங்கீகாரம் உண்டு என்பதை 9ஆம் வகுப்புக்கு முன்பே பாருங்கள். நீங்களே வடிவமைத்த பாடம் தானாக அதில் சேராது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை மொழிப் பாடமாக ஏற்பார்களா என்பதையும் ஆலோசகரிடம் எழுத்தில் வாங்குங்கள். சமுதாயக் கல்லூரி வகுப்பில் சேர ஒவ்வொரு பருவத்துக்கும் பள்ளியின் ஒப்புதல் படிவம் தேவை. பதிவு திறக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். ஏபி எனப்படும் கல்லூரி நிலைத் தேர்வை உங்கள் சார்ட்டர் நடத்தாது என்றால் வேறு பள்ளியில் இடம் தேட வேண்டும். தேர்வு மே மாதத்தில்தான். ஆனால் பள்ளிகள் தேர்வுத்தாளுக்கு ஆர்டர் போடும் கெடு நவம்பர் நடுவில் முடிகிறது. வெளி மாணவரை ஏற்கும் பள்ளிகள் செப்டம்பரிலேயே பட்டியலை மூடிவிடுவதும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் தொலைபேசியை எடுங்கள்.